ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டினால் ஏர்போர்ட்

குரோம்பேட்டையில் குடியேறிய நாளிலிருந்து எங்கள் வீடுதான் மன்னார்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஏர்போர்ட்டின் முன்வாசல். சிங்கப்பூருக்குத் திரும்பிப் போகிறவர், மஸ்கட்டிலிருந்து லீவில் வருகிறவரை அழைத்துப்போக வந்தவர், மகளின் பிரசவத்துக்காக வாழ்க்கையில் முதன்முறையாக விமானம் ஏறப்போகும் பெரியம்மா என்று யாராவது ஒருவர் மாதத்துக்கு ஒரு தடவையாவது கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார். நான் விமானம் ஏறியது சொற்பம். வாசல்வரை போய்வந்தது எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. அதனால் சென்னை விமான நிலையத்தை வெளியில் இருந்தே எனக்கு நன்றாகத் தெரியும்.

புது முனையத்தைப் பற்றி ஊரில் நிறையப் பேசினார்கள். 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்தார். முதல் கட்டத்துக்கு மட்டும் 1,260 கோடி ரூபாய் செலவு. உள்ளே கோலம், சேலை, கோயில் என்று நம்முடைய அடையாளங்களைக் கூரையிலும் தூணிலும் கொண்டுவந்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. பழைய கட்டடத்தின் இருட்டும் நெரிசலும் பார்த்தவர்களுக்கு அந்த வெளிச்சம் பெரிய ஆறுதல். ஆனால் நான் ஒரு விமான நிலையத்தை வேறு ஒன்றை வைத்துத்தான் எடைபோடுவேன். முப்பது கிலோ அட்டைப்பெட்டியோடு அறுபது வயதுக்காரர் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே எப்படி வந்து சேருகிறார், எப்படி வெளியேறுகிறார்? அந்தக் கேள்விக்குச் சென்னையில் பாதி பதில்தான் இருக்கிறது.

பயணம் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஆரம்பித்துவிடும். பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெட்டியை முதலில் பிரிக்க வேண்டும். வளைகுடா போகிறவர் என்றால் கசகசா பொட்டலம் இருக்கிறதா என்று தேடி எடுத்துவிடுவேன். குருமாவுக்கு அரைக்கிற சாமான்தானே என்று அம்மாக்கள் வைத்துவிடுவார்கள். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள், பிடிபட்டால் ஜெயில்வரை போகும். கொப்பரைத் தேங்காயை லக்கேஜில் போட விடமாட்டார்கள், எண்ணெய்ச் சத்து இருப்பதால் தீப்பிடிக்கும் என்று. ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதே, பெட்டிக்குள் துணியில் சுற்றி வை. பவர் பேங்க் மட்டும் நேர் எதிர். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். இதையெல்லாம் வீட்டிலேயே பார்த்துவிட்டால், ஏர்போர்ட் வாசலில் பெட்டியைப் பிரித்து, அக்கம்பக்கத்தவர் பார்க்க உள்ளாடையும் முறுக்கு டின்னும் வெளியே எடுத்துவைக்கும் அவமானம் இருக்காது. அப்படித் தரையில் உட்கார்ந்து பிரித்துக் கட்டுகிற குடும்பங்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படும்.

அடுத்த சிக்கல் பெயர். ஊரில் எல்லாரும் இன்றைக்கும் 'மீனம்பாக்கம் ஏர்போர்ட்' என்றுதான் சொல்வார்கள். ஒரு காலத்தில் முனையம் அங்கேதான் இருந்தது, அதனால் பேர் நிலைத்துவிட்டது. இப்போது பயணிகள் முனையங்கள் இருப்பது திரிசூலத்தில். மின்சார ரயிலிலும் மீனம்பாக்கம் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு, மெட்ரோவிலும் உண்டு. இரண்டில் எதில் இறங்கினாலும் முனையம் அங்கே இல்லை. என் சித்தப்பா ஒருமுறை மெட்ரோவில் மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டு, "ஏம்ப்பா, மீனம்பாக்கம்னுதானே சொன்னே? இங்க பிளேனையே காணோமே" என்று போன் செய்தார். அடுத்த வண்டியைப் பிடித்து அடுத்த ஸ்டேஷனில் இறங்குங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். மெட்ரோ என்றால் கடைசி ஸ்டேஷனான விமான நிலையம், மின்சார ரயில் என்றால் திரிசூலம். இப்போதெல்லாம் யார் கிளம்பினாலும் இதைக் காகிதத்தில் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

அந்தத் திரிசூலம் ஸ்டேஷனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே. விமான நிலையத்துக்கு நேர் எதிரே, சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. பெரிய நகரங்களில் ஏர்போர்ட்டுக்கு ரயில் விடுவதற்காகச் சுரங்கம் தோண்டுகிறார்கள், தூண் நட்டு மேலே பாதை போடுகிறார்கள். நமக்கு ரயில்பாதை ரோட்டுக்கு எதிரிலேயே இருந்தது. கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியிருக்கிறது. கையில் கிடைத்த இந்த வரத்தை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்ல, பெரியப்பாவை அழைத்துப்போன நாளைச் சொன்னால் போதும்.

மெட்ரோ வருவதற்கு முந்தைய காலம். பெரியப்பா மலேசியாவில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். ஆட்டோக்காரர் கேட்ட தொகையைக் கேட்டுவிட்டு, "ரயில் இருக்கையில எதுக்குப்பா அவ்வளவு காசு?" என்றார். குரோம்பேட்டையில் ஏறினால் பல்லாவரம், அடுத்தது திரிசூலம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இறங்கிய பிறகுதான் பயணமே ஆரம்பித்தது. சுரங்கப்பாதைக்குப் படி இறங்க வேண்டும். நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை நான் தலையில் வைத்துக்கொண்டேன். பெரியப்பா சூட்கேஸை ஒவ்வொரு படியாக 'தட் தட்' என்று இறக்கினார். சக்கரம் வைத்த பெட்டிதான், படியில் சக்கரத்தால் என்ன பயன்? அந்தப் பக்கம் மறுபடி படி ஏறி வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கிருந்து முனையம்வரை நடை. கார்கள் திரும்பும் இடங்களில் எல்லாம் நின்று நின்று போனோம். கடைசியில் டிராலி ஒன்று கண்ணில் பட்டதும் பெரியப்பா அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் குனிந்தே நின்றார். வேட்டி முழுக்க வியர்வை. அந்த வியர்வையோடுதான் மலேசியாவரை பயணம் செய்தார்.

ரயிலுக்குக் கொடுத்தது சில ரூபாய். இன்றைக்கும் மின்சார ரயிலின் குறைந்தபட்ச டிக்கெட் ஐந்து ரூபாய்தான். இவ்வளவு மலிவான, இவ்வளவு நெருக்கமான ரயிலை விட்டுவிட்டு ஜனங்கள் டாக்ஸிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்றால் காரணம் அந்தப் படிகளும் அந்த நடையும்தான். ஆயிரம் கோடி செலவழித்த இடத்தில், பிளாட்பாரத்திலிருந்து முனையத்துக்குள் டிராலியைத் தள்ளிக்கொண்டே போகிற மாதிரி கூரை போட்ட ஒரு பாலம் இருந்திருந்தால் எத்தனை முதுகுகள் தப்பியிருக்கும்!

மெட்ரோ 2016 செப்டம்பர் 21 அன்று விமான நிலையத்துக்கு வந்தது. அப்போது சின்னமலைவரைதான் பாதை. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைவரை முழுப்பாதையும் திறந்த பிறகுதான் அது நிஜமாகப் பயன்பட ஆரம்பித்தது. சென்ட்ரலுக்கு நேராகப் போகலாம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு எல்லாம் வழியிலேயே வந்துவிடும். இந்த ஸ்டேஷனை நன்றாகவே திட்டமிட்டிருக்கிறார்கள் என்று மனதாரச் சொல்வேன். முனையங்களுக்கு நடுவில் உயரத்தில் நிற்கிறது. லிஃப்ட் இருக்கிறது, நகரும் படிக்கட்டு இருக்கிறது, முனையத்துப் பக்கம் போக நகரும் நடைபாதையும் இருக்கிறது. முழங்கால் வலிக்கார என் அம்மாவை யார் தோளிலும் சாயவிடாமல் சென்ட்ரலிலிருந்து ஏர்போர்ட் வாசல்வரை அழைத்துவந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் போனாலும் டிக்கெட் ஐம்பது ரூபாயைத் தாண்டாது. பெட்டியை மட்டும் ஸ்கேனரில் போட்டு எடுக்க வேண்டும், அதற்கு ஐந்து நிமிஷம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மெட்ரோ போவது வடக்கே. எங்கள் வீட்டுக்கு வருகிற ஜனம் போகவேண்டியது தெற்கே.

இதை நான் எப்போது சொன்னாலும் நகரத்துக்குள் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரிவதில்லை. இந்த ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்கள் எல்லாரும் அண்ணா நகருக்கும் மயிலாப்பூருக்கும் போகிறவர்கள் இல்லை. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, தஞ்சாவூர், திருவாரூர் என்று போகிறவர்கள் ஏராளம். திருச்சியிலும் மதுரையிலும் விமான நிலையம் இருந்தாலும், டிக்கெட் விலையும் நேரமும் பார்த்துச் சென்னைக்கே வருகிறவர்கள் அவர்கள். முன்பு தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து கிளம்பின. ஏர்போர்ட்டில் மெட்ரோ ஏறி, ஆலந்தூர் வழியாகப் போய் சி.எம்.பி.டி. ஸ்டேஷனில் இறங்கினால் கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே இறங்கிய மாதிரி. மழை பெய்தால்கூட நனைய வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தெற்கே போகும் பேருந்துகள் அங்கே மாறின. ஊருக்குள் நெரிசல் குறைய அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றத்தோடு ஏர்போர்ட்டுக்கும் பேருந்துக்கும் இருந்த தண்டவாளத் தொடர்பு அறுந்துபோனது. ஏர்போர்ட்டிலிருந்து கிளாம்பாக்கம்வரை சுமார் 15 கிலோமீட்டருக்கு மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. அந்த வண்டி ஓடும் நாள்வரை இறங்கி வருகிறவர் என்ன செய்வார்?

என்னைக் கேட்டால் திரிசூலத்துக்குத்தான் கைகாட்டுவேன். ரயிலில் போக டிக்கெட் இருக்கிறவர் அங்கிருந்து நான்காவது ஸ்டேஷனான தாம்பரத்தில் இறங்கினால் போதும், தெற்கே போகிற எக்ஸ்பிரஸ்கள் பெரும்பாலும் அங்கே நிற்கும். பஸ் என்றால் இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி வண்டலூர், அங்கிருந்து கிளாம்பாக்கம் பக்கம்தான். புதிதாக எதையும் கட்டாமலேயே இந்த வழி இருக்கிறது. ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வருகிறவர் கண்ணில் படும்படி 'தாம்பரம் செல்லும் ரயில் இந்தப் பக்கம்' என்று பெரிய எழுத்தில், தமிழில், அம்புக்குறி போட்டு, நேரமும் எழுதி வைத்தால் பாதிப்பேர் அந்தப் பக்கம் திரும்புவார்கள். டாக்ஸி கவுன்ட்டர்தான் முதலில் கண்ணில் படுகிறது. களைத்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவதற்குத்தான் காசு கொடுப்பார்.

ராத்திரி விஷயம் தனி. மெட்ரோ காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பதினோரு மணியோடு முடிகிறது. வளைகுடா விமானங்களும் கிழக்கே போகிற, வருகிற விமானங்களும் நிறைய நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில்தான். பன்னாட்டு முனையத்தின் வருகை வாசலை ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பகலைவிட அப்போதுதான் அங்கே கூட்டம். வேன் பிடித்து வந்த குடும்பம் ஒன்று தூண் ஓரமாகத் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும். பாட்டி ஒருக்களித்துப் படுத்திருப்பார். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப்பார்ப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து வருகிற அப்பாவை அடையாளம் தெரியாமல் ஒரு சின்னப் பெண் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதை நான் அங்கேதான் பார்த்தேன். அவர் டிராலியை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தார். கூப்பிடவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்தார். அவள் வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது. பின்னால் வந்த டிராலிகள் எல்லாம் ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போயின.

இந்த மனிதர்களுக்கு வசதி என்று எதைச் செய்திருக்கிறோம்? டிக்கெட் இல்லாதவர் முனையத்துக்குள் போக முடியாது. பாதுகாப்பு விதி, சரிதான். அப்படியானால் வெளியே காத்திருப்பவர்களும் ஏர்போர்ட்டுக்கு வந்தவர்கள்தான் என்று நினைத்துப் போதுமான நாற்காலி, மின்விசிறி, குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை எல்லாம் வாசலுக்குப் பக்கத்திலேயே வேண்டும். 2025 பிப்ரவரியில் உள்நாட்டு முனையத்துக்குள் 'உடான் யாத்ரி கஃபே' திறந்தார்கள். டீ பத்து ரூபாய், தண்ணீர் பாட்டில் பத்து ரூபாய், சமோசா இருபது ரூபாய். ஏர்போர்ட் என்றாலே டீக்கு நூறு, இருநூறு என்று பழகிப்போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! பெரியம்மா அந்த விலைப்பலகையைப் பார்த்த பிறகுதான் தைரியமாக டீ கேட்டு வாங்கிக் குடித்தாராம். அதே மாதிரி ஒரு கடை, ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும்படி, வெளியே காத்திருப்பவர்களுக்கும் வேண்டும் என்பது என் ஆசை.

கார் நிறுத்தும் அடுக்குமாடிக் கட்டடம் 2022 டிசம்பரில் திறந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும். கூடவே கடைகள், ஐந்து திரை கொண்ட தியேட்டர். செயலியில் பதிவுசெய்த டாக்ஸி இந்தக் கட்டடத்துக்குத்தான் வரும். முனைய வாசலுக்கு வராது. முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டு டிரைவரோடு போனில் சண்டை போடுவதைப் பார்க்கலாம். டிராலியோடு நடக்கலாம், பேட்டரி வண்டியும் உண்டு. முடியாதவர்கள் வெட்கப்படாமல் பேட்டரி வண்டியைக் கேட்டு ஏறிக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானம் என்றால் முனையம் டி1-ஆ, டி4-ஆ என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டும் வேறு வேறு கட்டடம்.

சக்கர நாற்காலி பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும், குறைந்தது 48 மணிநேரத்துக்கு முன்பாவது. பதிவுசெய்த பிறகும் அன்றைக்குக் காலையில் போன் செய்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அம்மாவுக்குப் பதிவுசெய்திருந்தும் ஒரு விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் நாற்பது நிமிஷம் நிற்கவைத்தார்கள். கடைசியில் நாற்காலி வந்தபோது அம்மா, "பாவம், அந்தப் பையனைத் திட்டாதே, அவன் ஒருத்தனே எல்லாரையும் தள்றான்" என்றார். அவர் சொன்னது நிஜம். ஆள் போதவில்லை என்றால் நாற்காலி தள்ளுகிற பையன் என்ன செய்வான்? 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், மனைவிக்கு ஒரு சக்கர நாற்காலி கிடைத்து, தனக்குக் கிடைக்காமல் கூடவே நடந்துவந்த எண்பது வயது முதியவர் சுருண்டு விழுந்து இறந்துபோனார். அவரை அழைத்துவந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, பெரியவர்கள் யார் கிளம்பினாலும் நாற்காலி கைக்கு வந்த பிறகுதான் நான் வாசலைவிட்டு நகர்கிறேன்.

பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்தார்கள். நிலத்தையும் ஏரியையும் இழக்க மாட்டோம் என்று அங்குள்ள ஏகனாபுரம் கிராமத்து மக்கள் அப்போதிருந்தே போராடுகிறார்கள். அவர்கள் நியாயத்தை இன்னொரு கட்டுரையில்தான் முழுதாகப் பேச முடியும். இங்கே ஒன்று மட்டும். பரந்தூர் சென்னை நகரத்திலிருந்து கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர். பூந்தமல்லியிலிருந்து மெட்ரோவை அதுவரை நீட்டிக்கும் திட்டமும் பேச்சில் இருக்கிறது. ரயில் எப்போது, எத்தனை மணிவரை, பிளாட்பாரத்திலிருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் ஓடுபாதை வரைபடத்துக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திரிசூலத்துச் சுரங்கப்பாதைப் படிகளே சாட்சி.

போன மாதம் அத்தை மகன் தோஹாவிலிருந்து வந்தான். மூன்று மணிக்கு விமானம் இறங்கியது, குடியேற்றச் சோதனை முடிந்து பெட்டி வந்து வெளியே வரும்போது நாலேகால். டாக்ஸி பார்க்கலாம் என்றேன். "வேணாம் அத்தான், ரயில்லயே போவோம். இந்தக் காசை அங்க சம்பாதிக்க ரெண்டு நாள் ஆகும்" என்றான். ரோட்டுக்கு வந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. படிக்கட்டு வந்ததும் பெரிய பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கத்தை நான் பிடித்தேன். பாதி இறங்கியிருப்போம். வேலைக்குப் போகிற ஒரு அம்மா, கையில் சாப்பாட்டுக் கூடையோடு எதிரே ஏறி வந்தவர், கூடையைப் படியில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இவன் தோளில் தொங்கிய பையை வாங்கிக் கீழேவரை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுபடி ஏறிப் போனார். பிளாட்பாரத்தில் தாம்பரம் வண்டி வர இன்னும் கொஞ்சநேரம் இருந்தது. அவன் பெட்டிமேல் உட்கார்ந்து, மலைப்பக்கம் இருட்டு மெல்லக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "டீ கிடைக்குமா அத்தான்?" என்றான். தாம்பரத்தில் வாங்கித்தருகிறேன் என்றேன்.